தொண்ணூறு நாள் நிற்க வேண்டிய பள்ளிக்கூடம்

அந்தக் கட்டடம் முதல் தடவை லாரி ஏறிப் போனபோது உள்ளே ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஏழேழ் நாற்பத்தொன்பது வரைக்கும் கூரை இருந்தது. எட்டேழுக்கு வாயெடுத்தபோது தலைக்கு மேலே வானம். பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். "தரையையும் மடக்கணும், கொஞ்சம் எந்திரிங்க கண்ணுங்களா" என்று லாரி டிரைவர் கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுந்தார்கள்.

கட்டடத்தை வடிவமைத்தவர் எதிரே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர், ஒரு சாவி, நாற்பது நிமிடம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். முப்பத்தெட்டு நிமிடத்தில் கடைசிப் பலகை லாரியில் ஏறியது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு திரும்பி, பள்ளிக்கூடத்தின் ஒரே டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவருடைய மனைவி. சிரிப்பை எங்கே மடக்கி வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

ஊரில் அவருக்கு மடக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அதை இப்போது அவரே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் மேசை மடங்கும், நாற்காலி மடங்கும், துணி காயப்போடும் கம்பி மடங்கும். ஒரு கட்டில் செய்தார். அது மாமியார் தூங்கும்போது மாமியாரோடு மடங்கி, அலமாரி மாதிரி சுவரோடு போய் நின்றுகொண்டது. அரைமணி நேரம் எல்லோரும் அந்த அம்மாளைத் தெருவெல்லாம் தேடினார்கள். அதற்கப்புறம் மாமியார் மகள் வீட்டுக்கு வந்து தங்குவதில்லை. அது பிழையா, வடிவமைப்பின் ஒரு பகுதியா என்று டீச்சருக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

ஆனால் பள்ளிக்கூடம் விளையாட்டல்ல. பழைய பள்ளியின் கூரை ஒரு விடுமுறை நாளில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் விழுந்துவிட்டது. அதைக் காரணம் காட்டி, பிள்ளைகளை லாரி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த பெரிய பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று மேலே முடிவாயிற்று. அந்த ரோட்டில் எட்டு வரிசையாக லாரிகள் போகும். விளக்கு கிடையாது, மேம்பாலம் கிடையாது. போன வருடம் அதைத் தாண்டப்போன ஒரு பெண் குழந்தைக்கு வலது கால் மூன்று இடத்தில் உடைந்தது. அவள்தான் இப்போது வகுப்பு லீடர். நொண்டி நொண்டி வந்தாலும் மணிக்கு முன்னால் வந்துவிடுவாள்.

அதனால் மடக்கு, தான் வேலை பார்த்த அலுவலகத்தின் கிடங்கிலிருந்து தன் கட்டடத்தையே, கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, இரவல் வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். இருபத்துநாலு பலகைகள், இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்து அழுத்தியவை. கடிதத்தை மடிப்பதுபோல மூன்றாக மடியும் தரை. மேடோ பள்ளமோ, தானாகச் சமன்படுத்திக்கொள்ளும் ஆறு திருகுக் கால்கள். அந்தக் கால்களுக்கு ஆறு இரும்புச் செருப்புகள். எல்லாவற்றையும் கழற்ற, மாட்ட ஒரே ஒரு சாவி. கதவின் உள்பக்கம் ஏழு படங்கள். எழுத்தே தெரியாதவர்கூட படத்தைப் பார்த்துக் கட்டடத்தை எழுப்பிவிடலாம், இறக்கிவிடலாம். இன்றைக்கு வகுப்பறை, நாளைக்கு மருத்துவமனை, மறுநாள் அலுவலகம். சுவரைத் திருப்பிப் போட்டால் போதும்.

"கட்டடம்னா ஒரே இடத்துல மரம் மாதிரி நிக்கணும்னு எவன் சொன்னான்? மனுஷன் நகர்றான், தேவை நகருது. கட்டடம் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கணும்?" என்று அவர் மேடை மேடையாகப் பேசியிருக்கிறார்.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. கதவுப் பலகை லாரியின் அகலத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால் வாசல் நாலு விரல்கடை குட்டையாகிவிட்டது. பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். இடத்தைப் பார்க்க வந்த கல்வி ஆய்வாளர், முதல்நாளே நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கத்தோடு உள்ளே வந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள பெரியவங்க குனிஞ்சு வர்றது நல்லதுதான் சார்" என்றார் டீச்சர்.

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே விதியைச் சொன்னார். "தொண்ணூறு நாள்மா. ஒரே இடம். நடுவுல ஒருநாள்கூட நகரக் கூடாது. நகர்ந்தா மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். தொண்ணூறாவது நாள் நான் வருவேன். கட்டடம் இருந்துச்சுன்னா இது பள்ளிக்கூடம். அப்புறம் யாரும் அசைக்க முடியாது. இல்லைன்னா, வருஷக் கடைசியில பிள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம்தான்."

டீச்சர் கரும்பலகையின் மூலையில் ஒன்று என்று எழுதினார்.

முப்பத்தொன்றாம் நாள்தான் நான் முதலில் சொன்னது. ஒரு பெரிய மனிதர் அந்தப் பக்கமாகப் போகப்போகிறார், அரைமணி நேரம் இளைப்பாற ஓர் அறை தேவை. உடனே கொண்டுபோய் நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான். ஆணையில் 'அவசரம்' என்று சிவப்பு முத்திரை. பெரிய மனிதர் வேறு வழியாகப் போய்விட்டார். கட்டடம் அவருக்காக ஒன்பது நாள் காத்திருந்துவிட்டு வந்தது.

அடுத்து, இருபத்துநாலாம் நாள். கண்காட்சி. அங்கே அதற்குப் பரிசு கொடுத்தார்கள். 'நின்ற இடத்து மக்களோடு ஒன்றிப்போன கட்டடம்' என்று கேடயத்தில் பொறித்திருந்தது. மடக்கு மேடையேறி அதை வாங்கிய நேரத்தில் அந்த மக்கள் முப்பத்தெட்டுப் பேரும் வெட்டவெளியில், குடையின் கீழ் நாலு பேர் வீதம் உட்கார்ந்து எட்டேழுக்குக் காத்திருந்தார்கள். கேடயம் இப்போது வருகைப்பதிவேடு பறக்காமல் மேலே வைக்கப் பயன்படுகிறது. அந்த அளவுக்கு அதனால் பலன் உண்டு.

மூன்றாவது தடவை பதினெட்டாம் நாள். கண் மருத்துவ முகாம். அவசரத்தில் சுவரைத் திருப்பிப் போட மறந்துவிட்டார்கள். எழுத்துப் பலகை தொங்க வேண்டிய இடத்தில் டீச்சர் சுவரில் எட்டேழ் வரை எழுதியிருந்த ஏழாம் வாய்ப்பாடு இருந்தது. டாக்டர் இருநூறு பேரை அதைப் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் எட்டேழ் வரிக்குமேல் பார்வை மங்குகிறது என்று அறிக்கை அனுப்பினார். பத்து நாள் கழித்துக் கட்டடம் மருந்து வாசனையோடு திரும்பி வந்தது. பிள்ளைகள் ஒருவார காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டே படித்தார்கள்.

டீச்சர் மறுபடி ஒன்று என்று எழுதினார். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பி, கணவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏங்க, வருஷத்துல இனிமே ஒரு தொண்ணூறுதான் மிச்சம் இருக்கு. நாள்காட்டியை எண்ணிப் பாத்துட்டேன்."

"கிடங்குல சொல்லிப் பாக்கறேன்."

"சொல்லிப் பாத்தீங்களே மூணு தடவை. என்ன சொன்னாங்க?"

"நகர்றதுக்குன்னு செஞ்ச கட்டடம் ஏன் சார் நகரக் கூடாதுன்னு கேக்கறாங்க. என் பேச்சையே எனக்குப் படிச்சுக் காட்டறாங்க."

"அப்ப நகராதபடி ஏதாவது பண்ணுங்க. செஞ்சவர் நீங்கதானே? கெடுக்கத் தெரியாதா?"

மடக்குக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. கெடுக்கத் தெரியாதா என்றால்? அவருக்கா?

அன்றிலிருந்து அவர் கண்ணும் கருத்துமாகக் கெடுக்க ஆரம்பித்தார். முதலில் சாவியை எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து கரண்டியைக் கையில் எடுத்தபோதுதான் நினைவு வந்தது. சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று அவரே முன்கூட்டி யோசித்து, எந்தக் கரண்டியின் காம்பும் பொருந்தும்படி திருகுகளைச் செய்திருந்தார். ஆறாவது படத்தில் கரண்டியே இருக்கிறது.

பலகைகளின் எண்களை அழித்தார். எண் அழிந்தாலும் ஒவ்வொரு பலகையின் விளிம்பும் தன் பக்கத்துப் பலகையோடு மட்டுமே பொருந்தும்படி வெட்டியிருந்தது. அதைச் செய்தவன் யார் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாற்பதாம் நாள் கால்களைச் சுற்றி அவரைக் கொடி நட்டார். வேரும் கொடியும் பின்னிக்கொண்டால் எவன் பிரிப்பான்? அறுபத்தைந்தாம் நாள் இன்னும் மனசு ஆறாமல், ஆறு கால்களுக்கும் குழி தோண்டி, செருப்போடு சேர்த்துச் சிமெண்ட் கொட்டினார். வேலைக்கு வந்த கொத்தனார் கேட்டார்.

"சார், இது கழட்டி மாட்டற கட்டடம்னு சொன்னாங்களே?"

"ஆமா."

"கழட்டக் கூடாதுன்னுதானே இப்ப சிமெண்ட் போடறோம்?"

"ஆமா."

"அதுக்கு முதல்லயே செங்கல்லுல கட்டியிருக்கலாமே சார்?"

மடக்கு அடுத்த குழியைக் காட்டினார். சிமெண்ட் இறுகிய மறுநாள் காலை, பல் விளக்கும்போது ஞாபகம் வந்தது. சேற்றில் மாட்டிக்கொண்டால் காலை மட்டும் உருவிக்கொண்டு செருப்பை விட்டுவிட்டுப் போகலாம், அதற்காகத்தானே செருப்பு!

மிச்சமிருந்தது ஒரே வழி. கீல்களில் ஆணி அடிப்பது. தரையை மடக்கும் கீல்களில் ஒன்றில் ஆணி இறங்கிவிட்டால் கட்டடம் சாகும்வரை நிற்கும். எண்பதாம் நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு சுத்தியலோடு குப்புறப் படுத்தார். ஆணியை வைத்தார். கீலைப் பார்த்தார். பதினோரு தடவை செய்து, பத்தைத் தூக்கிப் போட்டு, பன்னிரண்டாவதாக வந்த கீல் அது. கணக்கு இடிக்கிறதென்றால் அது அவர் சொன்ன கணக்கு. எண்ணெயே போடாமல், சத்தமே இல்லாமல் மடங்கும். சுத்தியல் மேலே போனது. மேலேயே இருந்தது. கை மரத்துப்போனதும் எழுந்து வீட்டுக்குப் போனார்.

"அடிச்சீங்களா?" என்றார் டீச்சர்.

"ம்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். சாப்பாடு எடுத்து வைக்கப் போனார்.

கரும்பலகை மூலையில் எண்பத்தொன்பது என்று எழுதிய காலையில் ஏழாம் வாய்ப்பாடு எட்டேழைத் தாண்டி ஒன்பதேழ் அறுபத்துமூன்று வரை போய்விட்டது. பள்ளி தொடங்கியதிலிருந்து அத்தனை தூரம் போனதில்லை. பிள்ளைகளுக்கே பயமாக இருந்தது. பத்தேழ் சொல்வதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது.

டீச்சர் ஓடிப்போய் வாசலில் கைகளை விரித்து நின்றுகொண்டார். வாசல் குட்டை என்பதால் தலைக்கு மேலே ஒரு விரல் நுழையவும் இடமில்லை.

"டிரைவர் அண்ணே, நாளைக்கு வாங்க. ஒரே ஒரு நாள். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு மேல நானே ஏத்தி விடறேன்."

"எனக்கு மட்டும் ஆசையாம்மா?" டிரைவர் ஆணையை நீட்டினார். சிவப்பில் 'அவசரம்'.

"இது எப்பவும்தான் இருக்கு. இளைப்பாற வராமலே போனவருக்கும் இதே முத்திரைதானே குத்துனாங்க?"

"இந்தத் தடவை நெஜமாவே அவசரம்மா."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை கேட்டதைச் சொன்னேன். இந்தத் தடவை பாத்துட்டு வந்து சொல்றேன்." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "பிரசவ ஆஸ்பத்திரியில வார்டு கூரை விழுந்துடுச்சு. யாருக்கும் அடியில்ல. ஆனா பதினோரு பேர் தாழ்வாரத்துல கிடக்காங்க. ரெண்டு பேருக்கு வலி எடுத்துடுச்சு. நடுவுல துணியைக் கட்டி மறைச்சிருக்காங்க, அதுவும் பத்தல."

லாரிச் சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த கணவரை டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தார். மடக்கு தன் கட்டடத்தைப் பார்த்தார். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது. டீச்சரின் கைகள் தானாக இறங்கின. ஒதுங்கி நின்றார்.

மடக்கு போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். இனி அவர் நம்பிக்கை எல்லாம் அவர் கெடுத்து வைத்தவற்றின் மேல்தான். தடுக்கவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. அவரைக்கொடி எப்படியாவது முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

டிரைவருக்கு ஓட்டத்தான் தெரியும், அவரோடு வந்த மூன்று பேரும் வேலைக்குப் புதுசு. "சாவி எங்க?" என்றார்கள். தேடினார்கள். பலகையைத் தட்டினார்கள். அவரைக்கொடியை இழுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவன் கையைப் பிசைந்துகொண்டு, "அண்ணே, இது வராதுண்ணே" என்றான். மடக்கின் நெஞ்சு லேசாயிற்று. பதினோரு பேரை நினைத்ததும் கனத்தது.

அப்போது லீடர் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"மாமா, சாவி வேண்டாம். சாப்பாட்டுக் கரண்டி போதும். படத்துல இருக்கு" என்றாள் டிரைவரிடம். திரும்பி வகுப்பைப் பார்த்தாள். "கரண்டி இருக்கறவங்க எல்லாம் எந்திரிங்க!"

முப்பத்தெட்டுச் சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்தன.

அவர்கள் அந்தக் கட்டடம் மூன்று தடவை மடங்கியதையும் நாலு தடவை எழுந்ததையும் கண் கொட்டாமல் பார்த்திருந்தார்கள். அந்த வருடத்தில் ஆரம்பம் முதல் முடிவுவரை குறுக்கே லாரி வராமல் அவர்கள் படித்த பாடம் அது ஒன்றுதான். நாலு பேர் கொடியை ஒரு காய்கூட உதிராமல் பிரித்து ஓரமாகப் படரவிட்டார்கள். ஆறு பேர் ஆறு கால்களையும் திருகி, சிமெண்டில் புதைந்த செருப்பிலிருந்து உருவினார்கள். எண் அழிந்த பலகைகளை, "இதுக்குப் பக்கத்துல அது, அதுக்குப் பக்கத்துல இது" என்று உறவு முறை சொல்வதுபோலச் சொல்லிச் சொல்லி இறக்கினார்கள். ஒரு பையன் மடக்கிடம் ஓடிவந்து, "சார், உங்க வாட்சுல நேரம் பாருங்க சார், நாங்க எத்தனை நிமிஷம்னு" என்றான். அவர் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் தரை மட்டும் மிஞ்சியது. அது பிள்ளைகளால் தூக்க முடியாத கனம். புதுசாக வந்த மூன்று பேரும் பிடித்தார்கள். இடமடிப்பை முதலில் மடக்குவதற்குப் பதில் வலமடிப்பைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. ஒருவன் காலை வைத்து மிதித்தான். கீல் முனகியது. இன்னொரு மிதி விழுந்தால் உடைந்துவிடும். உடைந்தால் தரை மடங்காது, கட்டடம் போகாது, நாளை தொண்ணூறு.

"யோவ்! அந்தப் பக்கம் இல்லைய்யா!"

கத்தியது யார் என்று மடக்கே திரும்பிப் பார்த்தார். கல் காலியாக இருந்தது. அவர் தரைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "இடது முதல்ல. லேசா மேல தூக்கு. ம், இப்ப விடு. அதுவே வரும் பாரு." அதுவே வந்தது. சத்தமே இல்லாமல்.

லாரி கிளம்பியது. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"எத்தனை நிமிஷம் சார்?"

"இருபத்திரண்டு" என்றார் மடக்கு. டீச்சர் அவர் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஆணி அடிக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சு ஏன் சும்மா இருந்தே?"

"அடிச்சிருந்தீங்கன்னா, அந்தப் பொண்ணுங்க இப்ப என்ன பண்ணியிருப்பாங்க?" மறு முழங்காலையும் தட்டிவிட்டு, "அடிச்சிருக்கலாம்" என்றார் டீச்சரே. எது சரி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஆய்வாளர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஆறு சிமெண்ட் குழிகள், ஆறு இரும்புச் செருப்புகள், ஓரமாகக் காய்த்துக் கிடந்த அவரைக்கொடி. நடுவில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், சுவர் இருந்தால் எப்படி உட்காருவார்களோ அப்படி, வரிசை பிசகாமல். கரும்பலகை டீச்சரின் நாற்காலியில் சாய்ந்திருந்தது, மூலையில் தொண்ணூறு. தாமதமாக வந்த ஒரு பெண் வெளியில் நின்று, "உள்ள வரலாமா டீச்சர்?" என்று கேட்டு, உள்ளே வந்தாள்.

ஆய்வாளர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்து வந்தார். நாலு பக்கமும் திறந்து கிடந்தது. அவர் வாசல் இருந்த இடத்துக்குத்தான் வந்தார். வந்து, தலையைத் தாழ்த்திக் குனிந்து, ஓரடி எடுத்து வைத்து, நிமிர்ந்தார்.

மடக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்! நீங்க குனிஞ்சீங்களே சார்!"

"இடிச்சுடுமே. போன தடவை வீங்கினது ஒரு மாசம் இருந்துச்சு."

"எது சார் இடிக்கும்?"

ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றுமில்லை. ஒரு காக்கை போயிற்று. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிள்ளைகளைப் பார்த்தார். நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த லீடரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குப் புரியுது சார்" என்றார். "ஆனா படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. கட்டடம் இருக்கு, கட்டடம் இல்லை. குனிஞ்சேன்னு எழுத அதுல இடமில்லை."

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டார். டீச்சரிடம் கையெழுத்து வாங்கினார். படிவம் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் கேடயத்தை வைத்து டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

"பத்தேழ்?" என்று டீச்சர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"எழுபது!" என்றார்கள் முப்பத்தெட்டுப் பேரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். நடுவில் லாரிகள் போகாமல் இருந்திருந்தால்.

ஆய்வாளர் கோப்பை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே, வாசலில் குனிந்து, வெளியே போனார்.